இரண்டு எடைக்கல் கூடாது: நியாயமாக நடப்பது பற்றிக் கிறிஸ்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். புதன்கிழமை மாலைகளில் எங்கள் சபையின் வேத ஆராய்ச்சிக் கூட்டத்தையும் நடத்துகிறேன். எந்தப் பகுதியை வாசித்தாலும் கடைசியில் பேச்சு வந்து நிற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: உலகம் இப்படி அநியாயமாக இருக்கும்போது விசுவாசி ஒருவர் மற்றவர்களிடம் நியாயமாக நடந்துகொள்வது எப்படி, நடந்துதான் என்ன பயன்? கேட்டவர்களில் ஆசிரியர்கள் உண்டு, கொத்தனார்கள் உண்டு, வீட்டு வேலைக்குப் போகிற அக்காமாரும் உண்டு. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும், சொன்ன பிறகு யோசித்துத் திருத்திக்கொண்டவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நியாயம் என்று வேதம் எதைச் சொல்கிறது? எல்லாருக்கும் சரிசமமாகக் கொடுப்பதையா?

கொடுக்கும் அளவு ஆளுக்கு ஆள் மாறலாம். அளக்கும் கல் மாறக்கூடாது. உபாகமம் 25:13 பையிலே பெரிதும் சிறிதுமான இரண்டு நிறைகற்களை வைத்திருக்கக் கூடாது என்கிறது. வாங்கும்போது பெரிய கல், விற்கும்போது சிறிய கல் என்பதுதான் அந்தத் தந்திரம். என் அப்பா காலத்து இரும்பு எடைக்கற்களின் அடியில் ஒரு குழி இருக்கும்; எடையைச் சரிப்படுத்த அதில் ஈயத்தை நிரப்பி அதன்மேல் முத்திரை குத்தியிருப்பார்கள். அந்த ஈயத்தைக் கொஞ்சம் சுரண்டிவிட்டால் கல் இலேசாகிவிடும், பார்வைக்கு அதே கல்லாகத்தான் இருக்கும். இப்போது எலக்ட்ரானிக் தராசு வந்துவிட்டது, அதற்கும் ஆண்டுதோறும் முத்திரை வாங்குகிறோம்; ஆனால் அட்டைப் பெட்டியையும் சேர்த்து நிறுத்து இனிப்பின் விலைக்கு விற்க நினைக்கிறவர் தராசைத் தொடவே வேண்டியதில்லை.

கடை வைத்திராதவர்களிடமும் இந்த இரண்டு கற்கள் உண்டு. வீட்டு வேலைக்கு வரும் பெண் அரை மணி நேரம் தாமதித்தால் அதற்குப் பெயர் பொறுப்பின்மை. அவளுடைய சம்பளத்தை நாம் நான்கு நாள் தாமதித்தால் அதற்குப் பெயர் மாதக் கடைசி நெருக்கடி. நம் பிள்ளை குறைந்த மதிப்பெண் எடுத்தால் கேள்வித்தாள் கடினம். அடுத்த வீட்டுப் பிள்ளை எடுத்தால் படிப்பில் கவனமில்லை. மனிதர் நமக்கு எதைச் செய்ய விரும்புகிறோமோ அதையே அவர்களுக்கும் செய்யும்படி இயேசு சொன்னதை (மத்தேயு 7:12) நான் இந்தக் கல்லோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்கிறேன்.

ஊரே ஏமாற்றிப் பிழைக்கும்போது நான் மட்டும் நேர்மையாக இருந்தால் நஷ்டப்பட மாட்டேனா?

நஷ்டப்படலாம். நேர்மையாக இருந்தால் கர்த்தர் வியாபாரத்தைப் பெருக்கித் தருவார் என்று மேடையில் உறுதி கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த உறுதியை என்னால் கொடுக்க முடியாது. சங்கீதம் 15 கர்த்தருடைய கூடாரத்தில் தங்கத் தகுதியுள்ளவனை விவரிக்கும்போது, தனக்கு நஷ்டம் வந்தாலும் கொடுத்த வாக்கில் தவறாதவன் என்கிறது. நஷ்டம் வரும் என்பதை அந்தப் பாட்டு எழுதியவர் தெரிந்துதான் எழுதியிருக்கிறார். ஆசாபும் 73ஆம் சங்கீதத்தில், துன்மார்க்கர் கொழுத்து வாழ்வதைப் பார்த்துத் தன் கால்கள் சறுக்கப் பார்த்ததை ஒளிக்காமல் சொல்கிறார். வேதத்திலேயே இந்த முறையீடு இருக்கும்போது, கேட்பவரைப் பார்த்து "உமக்கு விசுவாசம் குறைவு" என்று வாயடைப்பது சரியில்லை.

ஒன்று மட்டும் கவனித்துப் பாருங்கள். "உலகம் அநியாயமானது" என்று நாம் சொல்லும்போது நமக்கு மேலே இருப்பவர்களையே நினைத்துக்கொள்கிறோம்: முதலாளி, அதிகாரி, அரசாங்கம். நமக்குக் கீழே சம்பளம் வாங்குகிறவருக்கும், நம் வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்கும் அந்த உலகம் நாம்தான்.

வீட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும் வழக்கமான கூலியைத்தானே கொடுக்கிறேன். அதில் என்ன அநியாயம்?

வழக்கம் என்பது பல வேளைகளில் பழைய அநியாயத்துக்கு இன்றைய பெயர். லேவியராகமம் 19:13 கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் தங்கக் கூடாது என்கிறது. உபாகமம் 24:15 அவன் ஏழை என்பதையும், அந்தக் கூலியையே நம்பியிருக்கிறான் என்பதையும் காரணமாகச் சொல்லிப் பொழுது போகுமுன் கொடுக்கச் சொல்கிறது. யாக்கோபு 5:4 இன்னும் கடுமையானது: அறுவடை செய்தவர்களுக்குக் கொடாமல் பிடித்துக்கொண்ட கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார். ஆள் வாயைத் திறக்க வேண்டியதில்லை, பெட்டியில் இருக்கும் பணம் சத்தம் போடுகிறது.

"சில்லறை இல்லை, நாளைக்கு வாங்கிக்கொள்" என்பது நமக்கு ஒரு வாக்கியம். கேட்பவருக்கு அது ஒருவேளை இரவுச் சாப்பாடு. பழைய சேலையையும் மீந்த குழம்பையும் கொடுத்துவிட்டு அதைச் சம்பளக் கணக்கில் மனத்துக்குள் கழித்துக்கொள்வதும் நடக்கிறது. தர்மத்தைக் கூலிக்கு ஈடாக வைக்கக் கூடாது. தர்மம் நம் இஷ்டம், கூலி அவர்களுடைய உடைமை. உங்கள் வீட்டில் வேலை செய்பவருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டா, நோய்வாய்ப்பட்ட நாளுக்குச் சம்பளம் பிடிக்கிறீர்களா, கடைசியாக எந்த ஆண்டில் சம்பளத்தை உயர்த்தினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் கூட்டத்தில் மூன்றாவது கேள்வி வந்தபோது ஓர் அம்மா "கொரோனாவுக்கு முந்தி" என்றார். அன்று அவர் வேறெதுவும் பேசவில்லை.

வயலில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி என்பது இன்றும் பல ஊர்களில் பேசப்படாத ஒப்பந்தமாக இருக்கிறது. ஒரே தன்மையுள்ள வேலைக்கு ஒரே ஊதியம் என்று 1976ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. பவுல் எஜமான்களுக்கு "நீதியும் செவ்வையுமானதைச்" செய்யும்படி எழுதியது (கொலோசெயர் 4:1) அதற்கும் ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. சட்டம் பிடிக்கும்வரை காத்திருக்க நமக்குக் காரணம் இல்லை.

திராட்சத்தோட்டக்காரன் கதையில் (மத்தேயு 20) கடைசியாக வந்தவனுக்கும் முழுக் கூலி கொடுக்கிறாரே. அது மற்றவர்களுக்கு அநியாயம் அல்லவா?

கட்டட ஒப்பந்ததாரர் ஒருவர் இந்தக் கதையைக் காட்டி, "என் பணம், என் இஷ்டம் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார்" என்று வாதாடினார். ஊதியம் குறைப்பவர்களுக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த வரி அதுதான். கதையில் யாருக்குக் கூலி குறைந்தது என்று கேட்டேன். யாருக்கும் குறையவில்லை. காலையில் வந்தவனுக்குப் பேசியபடி ஒரு பணம், அதாவது ஒரு நாள் கூலி, கிடைத்துவிட்டது.

நம் ஊர்களில் விடியற்காலையில் கொத்தனார்களும் சித்தாள்களும் தூக்குச்சட்டியோடு வேலைக்காகக் காத்து நிற்கும் முக்குகளைப் பார்த்திருப்பீர்கள். ஏழு மணிக்குள் வலுவுள்ள ஆட்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பத்து மணிக்கும் நிற்பவர்கள் வயதானவர்களாகவோ, மெலிந்தவர்களாகவோ இருப்பார்கள். சோம்பேறிகளானால் விடியற்காலையிலேயே வந்து நின்றிருக்க மாட்டார்கள். கதையில் பதினோராம் மணி வேளையில், அதாவது நம் கணக்கில் மாலை ஐந்து மணிக்கு, நின்றவர்களிடம் காரணம் கேட்கும்போது, "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் அன்று அடுப்பு எரிய வேண்டும். அரைப் பணத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு மட்டும் சோறு போட முடியாது. தோட்டக்காரர் நியாயத்தைக் குறைக்காமல் அதன்மேல் தயவைக் கூட்டினார். நியாயத்தைக் கழித்துவிட்டுத் தயவு காட்டுவதாகச் சொல்லிக்கொள்ள அந்தக் கதையில் இடமில்லை.

அப்படியானால் எப்போதும் ஏழையின் பக்கம் பேசினால் போதுமா?

வழக்கு என்று வந்துவிட்டால் போதாது. யாத்திராகமம் 23:3 தரித்திரனுடைய வழக்கிலே கூட முகதாட்சிணியம், அதாவது ஆள் பார்த்துப் பட்சபாதம், கூடாது என்கிறது. அதற்கு முந்தின வசனம் பெருங்கூட்டத்தின் பின்னால் போய் நியாயத்தைப் புரட்டாதே என்கிறது. வாட்ஸப் குழுக்களுக்கு அது நன்றாகவே பொருந்தும்.

சாதி உலகத்தின் பிரச்சினை. சபையில் நாங்கள் அதைப் பார்ப்பதில்லையே?

பார்க்கிறோம். இந்தக் கேள்விக்குச் சுற்றி வளைத்துப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

வரலாறு நமக்குச் சாதகமாக இல்லை. தஞ்சாவூர், வேப்பேரி போன்ற பழைய சபைகளில் ஆராதனையில் சாதிவாரியாகத் தனித்தனி இடங்களில் உட்கார்ந்தார்கள். திருவிருந்தில் கிண்ணத்தை அணுகுவதிலும் யார் முந்தி, யார் பிந்தி என்ற வரிசை இருந்தது. 1833ஆம் ஆண்டில் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமையை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, வேற்றுமையை விடுவதைவிடச் சபையை விடுவது மேல் என்று பலர் விலகிப் போனார்கள். கத்தோலிக்கர் பக்கமும் இதே கதைதான். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள வடக்கன்குளத்தில், 19ஆம் நூற்றாண்டில் கட்டிய தேவாலயம் பீடத்திலிருந்து இரண்டு கால்களை விரித்ததுபோல இரண்டு கூடங்களாகப் பிரிந்து நின்றது. ஒரே பலிபீடத்தைப் பார்த்துக்கொண்டே, ஒருவரை ஒருவர் பாராமல் உட்கார அப்படி ஓர் ஏற்பாடு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு கூடங்களுக்கும் நடுவே இருந்த தடுப்பை அகற்றியபோது விவகாரம் நீதிமன்றம்வரை போயிற்று.

இன்று தடுப்புச் சுவர் இல்லை. அசனம் என்னும் சபை விருந்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே அண்டாவின் சோற்றைச் சாப்பிடுகிறோம். ஆனால் சபையை நிர்வகிக்கும் சேகர கமிட்டிக்குத் தேர்தல் வந்தால் வேட்பாளரின் சாதியைக் கணக்குப் போடாதவர் எத்தனை பேர்? பெண் பார்க்கும்போது "நம்ம ஆட்கள்தானே" என்ற சொல்லுக்கு விசுவாசிகள் என்று எவராவது பொருள் கொள்கிறாரா? சில ஊர்களில் கல்லறைத் தோட்டம்கூடப் பிரிந்துதான் கிடக்கிறது.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவிருந்தில் ஒரு வீட்டு அம்மாவும் அவர் வீட்டில் வேலை செய்யும் பெண்ணும் அடுத்தடுத்து முழங்காலிட்டு, ஒரே கிண்ணத்தில் வாய் வைத்துக் குடித்தார்கள். மறுநாள் காலையில் சரக்குப் பட்டியல் வாங்க அந்த வீட்டுக்குப் போனபோது, அந்தப் பெண் பின்வாசல் படியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். குடித்த டம்ளரைத் தானே கழுவி, சன்னல் கம்பியில் தனியாகக் கவிழ்த்து வைத்தாள். எனக்கு வந்த காப்பி, வீட்டு டம்ளரில் வந்தது. நானும் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டுத்தான் வந்தேன். பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடமும் கந்தை கட்டினவனுக்குக் காலடியும் காட்டும் சபையை யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தில் கடிந்துகொள்வதை வாசிக்கும்போதெல்லாம் அந்த டம்ளர் என் கண்ணில் வந்து நிற்கிறது.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, இந்து மதத்தில் இருப்பவர்களை மட்டுமே அந்தப் பட்டியலில் கருதியது; 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். அரசாங்கத்தின் ஏட்டில் "உனக்குச் சாதி இல்லை" என்றும், சபையின் நடைமுறையில் "உனக்குச் சாதி உண்டு" என்றும் ஒரே மனிதர் இரண்டு பக்கமும் இழக்கிறார். முதல் பக்கத்தை மாற்ற மனு எழுதுகிறோம், ஊர்வலம் போகிறோம், வேண்டியதுதான். இரண்டாம் பக்கத்தை மாற்ற எவருடைய அனுமதியும் தேவையில்லை.

மகளுக்குக் கல்யாணத்திலேயே நகையும் ரொக்கமும் போட்டாயிற்று. சொத்திலும் பங்கு கொடுக்க வேண்டுமா?

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்துக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதியில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. கன்னியாகுமரி மாவட்டத்தார் இதில் ஒரு தனிக் கதையைக் கடந்து வந்திருக்கிறார்கள். அந்தப் பகுதி 1956வரை திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்தது. அங்கே 1916ஆம் ஆண்டின் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், மகனுடைய பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான் மகளுக்கு என்றது. மேரி ராய் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல், 1951 முதலே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு வந்தபோது சபைத் தலைவர்கள் பலர் மகிழவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

வேதத்துக்கு வந்தால், எண்ணாகமம் 27இல் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேக்கும் சபை அனைத்துக்கும் முன்பாக வந்து நின்று, எங்களுக்கும் காணியாட்சி, அதாவது நிலத்தில் பங்கு, வேண்டும் என்று கேட்டார்கள். மோசே கர்த்தரிடம் கேட்டபோது, அவர்கள் சொல்வது சரி என்று பதில் வந்தது. அவர்கள் தங்கள் கோத்திரத்துக்குள்ளேயே மணம் செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாடு 36ஆம் அதிகாரத்தில் வருகிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் வேதத்துக்கு நியாயம் செய்தவனாக மாட்டேன்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனை முடிந்து, பிரியாணி சாப்பிட்டு, எல்லாரும் நெகிழ்ந்திருக்கும் நேரத்தில் சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதிய விடுதலைப் பத்திரத்தை அண்ணன் எடுத்து நீட்டுகிறார். தங்கச்சி கையெழுத்துப் போடுகிறாள். போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அதை அன்பின் கையெழுத்து என்று சொல்லிக்கொள்கிறோம். கல்யாணத்தில் போட்ட நகையும் ரொக்கமும் பெரும்பாலும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. 1961 முதல் சட்டம் தடை செய்திருக்கிற அதே வரதட்சணைதான். ஓர் அநியாயத்துக்குக் கொடுத்த ரசீதைக் காட்டி இன்னொன்றைச் செய்கிறோம். அவள் மனதார விட்டுக்கொடுக்க விரும்பினால், அவளுடைய பங்கை முதலில் அவள் பெயரில் எழுதிக் கொடுங்கள். அதற்குப் பிறகும் அவள் விட்டுக்கொடுத்தால் அது அன்பு.

அரசு அலுவலகத்தில் லஞ்சம் கேட்கிறார்கள். கொடுப்பது பாவமா?

நமக்கு உரிமையானதை வாங்கப் போகும்போது அவர்கள் நம் கழுத்தைப் பிடித்துப் பிடுங்குவதும், அடுத்தவர் முறையைத் தாண்டிப் போக நாமே உறையை நீட்டுவதும் ஒன்றல்ல. இரண்டாவதில் வரிசையில் நமக்கு முன்னால் நின்றவருடைய உரிமையைத் திருடுகிறோம். அது சந்தேகமில்லாமல் அநியாயம். முதலாவதில் கேட்பவர் குற்றவாளி, ஆனால் கொடுக்கிற ஒவ்வொரு முறையும் அடுத்து வரும் ஏழையின் விலையை உயர்த்துகிறோம். என் அனுபவத்தில் மறுத்துவிட்டு நடையாய் நடந்ததும் உண்டு, சலித்துப்போய்க் கொடுத்ததும் உண்டு. கொடுத்ததை நியாயப்படுத்த மாட்டேன்.

எனக்கு அநியாயம் செய்தவரிடமும் நியாயமாக நடக்க வேண்டுமா? எதிர்த்துக் கேட்கக் கூடாதா?

இரண்டும் செய்யலாம். யாத்திராகமம் 23:4-5 சத்துருவின் மாடு தப்பிப் போவதைக் கண்டால் அதை அவனிடம் கொண்டுபோய் விடச் சொல்கிறது. அவனோடு சமாதானமாகிவிடு என்றுகூட அந்த வசனம் கேட்கவில்லை, மாட்டை மட்டும் ஓட்டிக்கொண்டு போய் விடு. வரப்புத் தகராறு இருக்கும் பக்கத்து வயல்காரரின் மோட்டார் இரவில் நிற்காமல் ஓடினால் அவரைக் கூப்பிட்டுச் சொல்வது அந்த வகை. தகராறு தகராறாகவே இருக்கட்டும், மோட்டார் எரியக் கூடாது.

எதிர்த்துக் கேட்பதற்கு பவுலையே பாருங்கள். பிலிப்பி பட்டணத்தில் விசாரணையின்றி அடித்துச் சிறையில் போட்டுவிட்டு, மறுநாள் இரகசியமாய்ப் போய்விடச் சொன்னபோது அவர் போகவில்லை: ரோமராகிய எங்களை வெளியரங்கமாய் அடித்தவர்கள் இப்போது தாங்களே வந்து எங்களை வெளியே கொண்டுபோய் விடட்டும் என்றார் (அப்போஸ்தலர் 16:37). நியாயாதிபதிகள் பயந்துபோய் வந்தார்கள். பழிவாங்கக் கூடாது என்று ரோமருக்கு எழுதியவரும் அதே பவுல்தான். அந்த ஊரில் அவர் விட்டுப்போகும் சிறு சபையை நாளைக்கு எவனும் இப்படி அடிக்கத் துணியாதபடி அவர் செய்தார் என்றே நான் வாசிக்கிறேன். அடி வாங்கும் பெண்ணிடம் "பொறுத்துக்கொள், ஜெபம் பண்ணு" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறவர்கள் இந்த அதிகாரத்தை இன்னொரு முறை வாசிக்க வேண்டும்.

ஏற்கெனவே செய்துவிட்ட அநியாயத்தை எப்படிச் சரிசெய்வது? மன்னிப்புக் கேட்டால் போதாதா?

வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு மன்னிப்புக் கேட்டதாக லூக்கா எழுதவில்லை. கணக்குப் போட்டதாகத்தான் எழுதியிருக்கிறார். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நான்கு மடங்காக. எண்ணாகமம் 5:7 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. வாங்குவதற்கு இனத்தார் இல்லாவிட்டால் அது கர்த்தருக்குப் போகும்.

இதை நானே செய்து பார்க்க வேண்டி வந்தது. பருப்பு சிந்தாமல் இருக்கத் தராசின்மேல் ஒரு பிளாஸ்டிக் தட்டு வாங்கி வைத்தேன். தட்டை வைத்துவிட்டுத் தராசின் சுவிட்சைப் போட்டால் சுழியத்தில் நிற்கும். போட்ட பிறகு தட்டை வைத்தால் 22 கிராம் கூடக் காட்டும். ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து, கால் கிலோ கடுகு வாங்கிப் போன ஓர் ஆச்சி திரும்பி வந்து, "தம்பி, இது கால் கிலோவா?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. எந்த நாளில் எப்படிப் போட்டோம் என்று எனக்கும் தெரியாது, கடைப் பையனுக்கும் தெரியாது. எல்லா நாளும் தவறாகப் போட்டதாக வைத்துக்கொண்டு, பற்று நோட்டில் கணக்கு வைத்திருந்த வீடுகளுக்கு ஒவ்வொரு நிறுவைக்கும் 22 கிராம் என்று எண்ணி, ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, அவரவர் கணக்கில் கழித்தேன். ரொக்கத்துக்கு வாங்கியவர்களுக்காகக் கடை வாசலில் எழுதி ஒட்டினேன். சிலர் வந்து வாங்கிக்கொண்டார்கள், சிலர் சிரித்துவிட்டுப் போனார்கள், அந்த மூன்று மாதத்தில் என்னிடம் வாங்காத இரண்டு பேரும் வந்து வாங்கினார்கள். கேட்க வராதவர்களின் பங்காக ஒரு தொகையைக் குத்துமதிப்பாகப் போட்டு மாணவர் விடுதிச் சமையலுக்கு அரிசியாகக் கொடுத்தேன். அந்தக் கணக்கு சரிதானா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

நான்கு மடங்கு ஏன் கொடுக்கவில்லை என்று கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டான். தெரியாமல் செய்ததற்கு ஐந்தில் ஒன்று, தெரிந்து செய்திருந்தால் நான்கு மடங்கு என்று பதில் சொன்னேன். ஆச்சி சொல்லும்வரை தட்டைக் கவனிக்காமல் இருந்தது எந்தக் கணக்கில் வரும் என்று அவன் மறுபடியும் கேட்டான். தட்டை இப்போது தராசோடு சேர்த்துக் கம்பியால் கட்டியிருக்கிறேன்.